நுரைக்குள் போன நரம்பு

ஓசூருக்கு வேலைக்கு வந்து மூன்று வருஷமாகியும் தென்பெண்ணையில் தூண்டில் போடவில்லை என்பது எனக்கே கேவலமாக இருந்தது. 2008 ஆயுத பூஜைக்கு கம்பெனி லீவு விட்டதும், மறுநாள் காலை ஆறு மணிக்கு செல்வத்தின் பைக்கில் கிளம்பினோம். செல்வம் எங்கள் லைனில் ஃபிட்டர், அரூர்க்காரன். அவன் மாட்டிய போல்ட்டைக் கழற்ற அவனே வர வேண்டும். ஓசூரிலிருந்து கெலவரப்பள்ளி அணை பத்து கிலோமீட்டருக்குள்தான். பெட்ரோல் ஐம்பது ரூபாய்க்குப் போட்டோம், அதுவே அதிகம்.

அணைக்குக் கீழே ஆற்றைக் காணோம். ஆளுயரத்துக்கு மேல் வெள்ளை நுரை, லேசாக அசைந்துகொண்டிருந்தது. சோப்பும் சாக்கடையும் கலந்த நாற்றம். ஒரு கொக்குகூட இல்லை. தண்ணீர்ச் சத்தத்தையும் நுரை அமுக்கியிருந்ததால், நாங்கள் பேசியதே யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டது.

மாடு ஓட்டிவந்த அம்மா ஒருவர் நின்று பார்த்தார். “நுரைல எறங்காதீங்க சார். எங்க எருமை உள்ள போயி, வெளிய வர வழி தெரியாம சுத்திச்சு” என்றார். நாங்கள் கரையோடு சரி என்றேன். மீனைப் பிடித்துத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடத்தான் போனோம். அந்தத் தண்ணீர் மீனைக் கொண்டுபோனால் என் வீட்டம்மா சட்டியோடு என்னையும் வெளியே வைப்பாள்.

நுரையில் தக்கை தெரியாது. அதனால் ஈயக்குண்டு தரையில் கிடக்கும்படி போட்டு, தூண்டில் கம்பி நுனியில் சின்ன மணி கட்டினோம். குண்டுக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டும் துண்டு தூண்டில் நரம்பில்தான் விஷயமே இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் ஒரு சாண் போதும். ஓட்டத்தில் ஒரு முழம் விட்டால் மாவுருண்டை தானாக உருண்டு வரும், மீசை வைத்த கெண்டை சந்தேகப்படாமல் வாய் வைக்கும். நான் மெல்லிய நரம்பில் முழம் கட்டினேன். செல்வமோ பழைய பிரேக் கேபிளைப் பிரித்து, அதன் இழையைக் கட்டியிருந்தான்.

“இது அறுந்தா என் பேர மாத்திக்கறேன்” என்றான்.

அவன் மணி ஒருதரம் அடித்தது. இழுத்தான், அசையவில்லை.

“பாறைல மாட்டிக்கிச்சி. தண்ணி இடுப்பளவுதான், எடுத்துட்டு வந்துடறேன்.”

“வுட்டுத் தொலைடா” என்றேன். மெல்லிய துண்டாக இருந்தால் ஓங்கி இழுத்ததும் அறுந்து, கதை அங்கேயே முடிந்திருக்கும். அவன் கம்பியைக் கல்லிடுக்கில் செருகிவிட்டு, நரம்பைப் பிடித்தபடி இறங்கினான். நுரை அவன் தலைக்கு மேல் மூடிக்கொண்டது. அவன் போன தடம்கூட இல்லை.

கொஞ்ச நேரம் பொறுத்துக் கூப்பிட்டேன். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.

“வந்துட்டேதான் இருக்கேன்” என்றது அவன் குரல். முன்பைவிடத் தூரத்தில் கேட்டது. “கரைக்கு வாடா” என்றேன். “வரேண்டா” என்றான், இன்னும் தூரத்திலிருந்து. அவனுக்கு இரண்டு வயதில் பெண்குழந்தை இருக்கிறது.

பைக் பக்கம் ஓடிப்போய் ஹாரனை விடாமல் அழுத்தினேன். “நரம்ப வுடு, ஹாரனைக் கேட்டு வா” என்று தொண்டை கிழியக் கத்தினேன். எவ்வளவு நேரமோ தெரியாது, நுரை பிளந்து செல்வம் தவழ்ந்து வந்தான். கண் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. கரையில் உட்கார்ந்து வாந்தியெடுத்தான்.

பிறகு அவனே கட்டிங் பிளேயரால் நரம்பை வெட்டினான். வெட்டிய நுனி ஓட்டத்தோடு கீழே போகவில்லை. கற்களின் மேல் மெதுவாக ஊர்ந்து, அணைப் பக்கம் ஏறி, நுரைக்குள் போனது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். துண்டு நரம்பு எப்போதும் பெரிய நரம்பைவிட மெல்லியதாக இருக்கட்டும். அறுந்தால் நஷ்டம் ஒரு முள், ஐந்து ரூபாய். மழைக்குப் பின் அணை ஷட்டர் திறந்திருந்தால் நுரையைப் பார்த்ததும் வண்டியைத் திருப்புங்கள்.

இதை எழுதச் சொன்னது செல்வம்தான். ஏன் எதிர்ப்பக்கம் போனாய் என்று ஒரு வாரம் கழித்து கேன்டீனில் கேட்டேன். டீயைக் கீழே வைத்தான்.

“உள்ள திக்கு தெரியலடா. கையில நரம்பு இழுத்துச்சு, வுட்டு வுட்டு இழுத்துச்சு. நீதான் கரைலருந்து இழுக்கறன்னு அது பின்னாலயே போனேன்.”

நான் அந்தக் கம்பியைத் தொடவே இல்லை.