முதலில் கை தட்டியவர்

போலந்து நாட்டு வயலின் மேதை ஒருவரின் நினைவாக துபாயில் விழா நடந்தது. காலி நாற்காலிகளை நிரப்ப, எங்கள் விடுமுறை நாளில், சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து எங்களில் நாற்பது பேரைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றினார் சூப்பர்வைசர்.

மை பூசிய மீசை, கழுத்தை நெரிக்கும் டை. கண்ணாடி எங்கே தெரிந்தாலும் நின்று தலை வாரிக்கொள்வார். பஸ் கண்ணாடியிலும் வாரினார்.

"பட்டிக்காட்டுப் பயலுவளா, நான் தட்டினாத்தான் தட்டணும்."

"சாருக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றான் ஒருவன்.

"நான் கேக்காத கச்சேரியாடா?"

அரங்கில் வயலின் இசை மெல்ல இறங்கி ஓரிடத்தில் நின்றது. வாசித்த பெண் வில்லைத் தூக்கியபடியே கண்மூடி நின்றாள். வாசிப்பு முடியவில்லை என்று எனக்கே தெரிந்தது. சூப்பர்வைசர் படபடவென்று தட்டினார். நாங்களும் தட்டினோம். வேறு யாரும் தட்டவில்லை. முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

உடனே இவரும் எங்கள் பக்கம் திரும்பினார்.

"எவன்டா முதல்ல தட்டினது?"

மகள் கல்யாணத்துக்கு நான் எழுதிக்கொடுத்த லீவு பேப்பர் கையெழுத்தாகாமல் இவர் மேசையில் கிடந்தது. இவர் கண் என்மேல் வந்து நின்றது.

"நான்தான் சார்."

முன்வரிசையைப் பார்த்து, "படிக்காதவன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். பிறகு சீப்பை எடுத்தார்.

லீவு கிடைத்தது. இத்தனை சின்ன மனிதரிடம் கையெழுத்து வாங்கித்தான் என் மகள் கல்யாணத்துக்குப் போனேன்.