தலெந்தாவின் ஒற்றைக்கால் வகுப்பு

ஸ்ஃபாக்ஸ் நகரத் தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் வேலை பார்த்த காலமெல்லாம் தலெந்தா நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊரைச் சுற்றி வந்தவள். கல்யாணப் பேச்சு, பாகப்பிரிவினைச் சண்டை, வீட்டுக்குத் தெரியாத காதல் எல்லாம் அவள் காது வழியாகத்தான் போக வேண்டும். ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் அதை உரியவரிடம் சேர்க்கும் வரை அவளுக்குச் சோறு இறங்காது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள், குணம் ஓய்வு பெறவில்லை.

எழுபதைத் தாண்டியபின் அவள் விழுந்தாள். பெருநாளுக்கு உப்பு மீன் வாங்கச் சந்தைக்குப் போனவளுக்கு ஈரத்தரையில் செருப்பு வழுக்கியது. நேராக எட்டுக்கால் பேய்க்கணவாய்க் கூடைக்குள் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, எந்திரிங்க! எடை போட்டு வச்ச சரக்கு!" என்று மீன்காரன் கத்தினான்.

"அப்ப என்னையும் சேர்த்து எடை போடு, இங்கேயே கிடக்கறேன்" என்றாள் தலெந்தா. மணிக்கட்டு உடைந்திருந்தது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

கை சேர்ந்துவிட்டது. பயம் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். நடைக்கூடத்து வெள்ளைச் சுவரில் அவள் இடுப்புயரத்துக்கு ஓர் அழுக்குக் கோடு விழுந்தது. வெளிநாட்டில், லியோன் நகரில் இருக்கும் மகன் காஸி, சக்கரம் வைத்த நடைவண்டி ஒன்றை வாங்கி அனுப்பினான். "இதைத் தள்ளிட்டுத் தெருவுல போனா, தக்காளி என்ன விலைன்னு கேப்பாங்க" என்று அதில் வெங்காயத்தைக் கொட்டி வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மறுவாழ்வு மையத்தில் டாக்டர் ரவ்தா ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஒருமுறை விழுந்த முதியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி கொடுத்தால், மறுபடி விழாமல் காப்பாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. வந்தவர்களை இரண்டாகப் பிரிப்போம். ஒரு பாதிக்கு இயன்முறை மருத்துவராகிய நான், சிஹெம், பயிற்சி கொடுப்பேன். மறுபாதிக்கு உணவு ஆலோசகர் நபீல் வாரம் ஒருமுறை உப்பைக் குறைப்பது பற்றிப் பேசுவார். யார் எந்தப் பக்கம் என்பதைக் கணினி குலுக்கிப் போடும். முடிவில் இரண்டு கூட்டத்தையும் அளந்து பார்ப்போம்.

தலெந்தா வந்தாள். எதிர்வீட்டு மொன்ஜியாவையும் இழுத்துக்கொண்டு வந்தாள். இருவரும் ஒரே சந்துக்கு ஒரே வருஷத்தில் மருமகளாக வந்தவர்கள். அன்றிலிருந்து யார் வீட்டு மிளகாய் நன்றாகக் காய்ந்தது என்பதில்கூடப் போட்டி.

முதல் நாள் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து டாக்டர் ரவ்தா பேசினார். "நடக்கப் பழகற குழந்தையைப் பாருங்க. விழுது, எந்திரிக்குது, திரும்ப விழுது. அப்படித்தான் அது நிக்கக் கத்துக்குது. நாம ஒரு தடவை விழுந்ததும் நடக்கறதையே விட்டுடறோம்."

தலெந்தா கையைத் தூக்கினாள். "டாக்டரம்மா, குழந்தைக்குப் பின்னாடி மெத்துனு டயப்பர் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

"உனக்கு அதைவிடப் பெரிசா இருக்குடி" என்றாள் மொன்ஜியா. சிரிப்பில் அறையே குலுங்கியது.

கணினி தலெந்தாவை என் பக்கம் போட்டது, மொன்ஜியாவை உப்புப் பக்கம் போட்டது.

"எனக்குப் பயிற்சியே வேணாம்னு கணினிக்கே தெரிஞ்சிருக்கு" என்றாள் மொன்ஜியா.

"தேறாத கேஸுன்னு தெரிஞ்சிருக்கு" என்றாள் தலெந்தா.

பயிற்சியில் சொன்னதை வெளியே யாருக்கும் சொல்லித்தரக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டோம். தலெந்தா பலமாகத் தலையாட்டினாள். முப்பது வருஷம் ஊர் ரகசியத்தை வைத்திருந்தவளிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்றுகூடக் கேட்டாள். நான் நம்பினேன்.

வகுப்பில் அவள் சூட்டிகை. ஒற்றைக்காலில் நிற்பது, கயிற்றின் மேல் போவதுபோல ஒரு காலின் முன் மறுகாலை வைத்து நடப்பது, தலையணை மேல் நின்று கண்ணை மூடுவது, பேரப்பிள்ளைகள் பெயரைச் சொல்லிக்கொண்டே தண்ணீர்க் கிண்ணத்தை ஏந்தி நடப்பது, விழுந்தால் புரண்டு எழுவது என்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். "கால் விரலால தரையைக் கவ்விப் பிடிங்க" என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

ஒருநாள் மொன்ஜியா, ஊர்ப் பொது அடுப்புக்கடையில் சுடக் கொடுப்பதற்காகப் பேரீச்சம்பழப் பணியாரத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கியிருக்கிறாள். பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக, கால் நடுங்க.

"ஏண்டி நண்டு மாதிரி இறங்கற?" என்று எதிர்வீட்டிலிருந்து வந்த தலெந்தா கேட்டாள்.

"நீ சிங்கம் மாதிரி இறங்கேன், பாக்கலாம்."

தலெந்தா சிங்கம் மாதிரியே இறங்கிக் காட்டினாள். பிறகு மொன்ஜியாவின் தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். அன்று சாயங்காலமே தன் மொட்டை மாடியில் துணிக்கொடிகளுக்கு நடுவே அவளை ஒற்றைக்காலில் நிறுத்தினாள். அடுத்த வாரம் உப்புப் பேச்சு முடிந்ததும் மொன்ஜியா இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிறகு நபீலிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேதான். மெத்தைத் தலையணைகள் வந்தன, தேநீர் வந்தது, ஒருத்தி பாட்டுப் போட்டாள்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. கடைசி அளவெடுப்பு வந்தது. ஒரு பலகையில் ஏறிக் கண்ணை மூடி நிற்க வேண்டும். உடம்பு ஆடுவதைத் திரை கோடாகப் போடும். என் ஆட்கள் நன்றாக நின்றார்கள். உப்பு ஆட்கள் அதைவிட நன்றாக நின்றார்கள்! ஆய்வின் தொடக்கத்தில் கோழி கிளறியதுபோல இருந்த கோடுகள் ஆலிவ் கொட்டை அளவுக்குச் சுருங்கியிருந்தன.

டாக்டர் ரவ்தா கருவியைக் கழற்றி மறுபடி மாட்டினார். நபீலுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் எப்பவும் சொல்றதுதானே மேடம், உப்புதான் எல்லாத்துக்கும் ஆணிவேர்" என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் படித்தது ஒரு சிட்டிகை உப்பைக் குறைப்பதற்குச் சமமில்லையா?

கடைசியாக மொன்ஜியா பலகையில் ஏறினாள். கண்ணை மூடினாள். அவள் உதடு அசைந்தது. நான் கிட்டே போய்க் காது கொடுத்தேன்.

"விரலால தரையைக் கவ்வு... மாமியா கொண்டையைக் கவ்வற மாதிரி கவ்வு..."

முதல் பாதி என்னுடையது.

"இதை யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?" என்று டாக்டர் ரவ்தா கேட்டார்.

"யாரும் இல்லையே. உப்பைக் குறைச்சேன், தானா வந்துடுச்சு" என்றாள் மொன்ஜியா, கண்ணைத் திறக்காமலே.

கதவு படாரென்று திறந்தது. வராந்தாவில் காத்திருந்த தலெந்தாவுக்குப் பொறுக்கவில்லை. "உப்பா? என் மாடியில நீங்கல்லாம் சிந்தின வேர்வை இவரோட உப்புக் கணக்குலயா போகுது?"

நபீல் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் ரவ்தாவும் உட்கார்ந்தார்.

"வெளியில சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேனே, ஹாஜ்ஜா" என்று டாக்டர் தலெந்தாவிடம் மரியாதை விடாமலே கேட்டார்.

"கேட்டீங்க. நானும் சரின்னேன். ஆனா இவ படி இறங்கறதை நீங்க பாக்கலை, நான் பாத்தேன்."

"ஆய்வு முடிஞ்சதும் அவங்களுக்கும் கத்துக்குடுக்கத்தான் போறோம்."

"அதுக்குள்ள இவ விழுந்துட்டா? அப்புறம் நான் யாரோட சண்டை போடறது?"

மொன்ஜியா பலகையிலிருந்து இறங்காமலே முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து டாக்டர் என்னைக் கூட்டிக்கொண்டு அந்த மாடிக்குப் போனார். முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவரைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இங்கயா கண்ணை மூடி நின்னீங்க?" என்று கேட்டார். "கடவுள் கண்ணைத் திறந்து வச்சிருந்தார்" என்றாள் தலெந்தா. வகுப்பை அன்றே பக்கத்துப் பள்ளிக்கூட முற்றத்துக்கு மாற்றவைத்தார்.

நடந்ததை நடந்தபடியே டாக்டர் எழுதி மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பினார். ஆய்வு கெட்டுப்போனது என்பதையும் எழுதினார். கருத்தரங்கில் சிரித்தார்களாம். ஆனால் எதிர்வீட்டுக்காரியே சொல்லிக்கொடுத்தால் ஜனங்கள் விடாமல் வருகிறார்கள் என்பது அவர் மனதில் தங்கிவிட்டது. அடுத்த ஆய்வு அதைப் பற்றித்தான், ஊரின் மறுகோடியில். அங்கே உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தலெந்தாவும் மொன்ஜியாவும் போனார்கள். நபீலும் ஒருநாள் ஒற்றைக்காலில் நின்று பார்த்தார். மொன்ஜியா தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

போன குளிர்காலத்தில் தலெந்தா குளியலறையில் மறுபடி விழுந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து எங்கே வலிக்கிறது என்று பார்த்தாள். புரண்டாள், முழங்காலில் ஊன்றினாள், தொட்டி விளிம்பைப் பிடித்து எழுந்தாள். காபியை அடுப்பில் வைத்துவிட்டு மொன்ஜியாவுக்குப் போன் போட்டாள்.

"விழுந்துட்டேன். எந்திரிச்சுட்டேன்."

"எந்தப் பக்கம் புரண்டே?"

"இடது பக்கம்."

"வலது பக்கம் புரளணும்னு நீதானடி எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தே?"

"இடுப்பு என்னுது, பக்கமும் என்னுது. காபி கொதிக்குது, வரியா இல்லையா?"

மொன்ஜியா வந்தாள். காபி தண்ணியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இரண்டு கோப்பை குடித்தாள்.