மூக்கைப் பிடித்து ஊதிய மாதங்கள்

முதலில் அடைத்தது இடது காது. அந்தமானில் ஹேவ்லாக் தீவில் சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டுவது என் வேலை. எங்கள் படகில் காது அடைக்காதவர் யார்? மூக்கைப் பிடித்து, வாயை மூடி ஊதினால் பட்டென்று திறந்துகொள்ளும். எனக்குத் திறக்கவில்லை.

"ப்ரெஷர்தான் பாய், இன்னும் ஜோர் சே, பலமா ஊது," என்றான் கூட முங்கும் பிமல்.

மாதக்கணக்கில் ஊதினேன். சளியில் ரத்தம் வந்தபோதும், ஊதியதால்தான் என்று நினைத்தேன். ஒரு காது மட்டும் ஏன் அடைக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நீங்களும் கடலில் முங்குகிறவர் என்றால், அந்தக் கேள்வியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கழுத்தில் கட்டி தெரிந்த பிறகே போர்ட் பிளேருக்குக் கப்பலேறினேன். பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். மூக்குக்குப் பின்னால், தொண்டையின் உச்சியில் புற்றுநோய். காதுக்குப் போகும் குழாயை அதுதான் அடைத்திருந்தது. கட்டியில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் (எச்சில் வழியே பரவும் கிருமி) இருந்தது.

அதற்கு மேல் டாக்டர் சொன்ன எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. என் மகள் நிவேதா என் தட்டில்தான் சாப்பிடுவாள். நான் கடித்த மீனைப் பிடுங்கித் தின்பாள்.

"பாப்பாவுக்கும் வந்துருமா டாக்டர்?"

"இந்த வைரஸ் எனக்கும் இருக்கும். சின்ன வயசுலயே கிட்டத்தட்ட எல்லாருக்கும் வந்து, உடம்புல சும்மா கிடக்கும். பரம்பரை, வேற காரணமெல்லாம் சேர்ந்து எங்கயோ சிலருக்குத்தான் இப்படி ஆகுது. புற்றுநோய் ஒட்டாதுங்க."

நான் நம்பவில்லை. போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருக்கும் மச்சான் வீட்டில் எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டேன். என் மனைவி செல்வி வெடித்தாள்.

"படகுல சொன்னத மட்டும் நம்புவீங்க. படிச்ச டாக்டர் சொன்னா நம்ப மாட்டீங்க!"

மெயின்லேண்டில் (கடல் தாண்டி, இந்தியப் பெருநிலத்தில்) கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். கதிர்வீச்சு உமிழ்நீர்ச் சுரப்பிகளைச் சுட்டுவிட்டது. எந்த எச்சிலுக்குப் பயந்தேனோ, அது வற்றிப்போனது. இப்போது தண்ணீர் இல்லாமல் பேச்சுகூட வராது. அடுத்த மடக்கு எப்போது என்பதுதான் என் கடிகாரம்.

போன வாரம் ரத்தத்தில் அந்த வைரஸின் துணுக்குகள் மறுபடி தெரிந்தன (நோய் திரும்பியிருக்கலாம் என்பதன் அறிகுறி). மறுபடி மெயின்லேண்டுக்குப் போகச் சொன்னார்கள். கடல் கொந்தளிப்பால் கப்பல் வருவது தள்ளிக்கொண்டே போனது. உள்ளே அது வளர்கிறதோ என்று ஒவ்வொரு நாளும் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். சாகப் பயமாக இருக்கிறது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கப்பல் வந்த அன்று துறைமுகத்தில் நல்ல வெயில். நிவேதா என் பாட்டிலைப் பிடுங்கி, வாய் வைத்துக் குடித்தாள். தடுக்கக் கை நீண்டது. செல்வி பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டேன்.

"இந்தாப்பா, மிச்சம்."

அவள் வாய் வைத்த இடத்திலேயே வைத்துக் குடித்தேன். அப்போது என் வாயில் இருந்த ஈரம் அது ஒன்றுதான்.