பந்தல் உயரவில்லை

முதலாமாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன். ஒரு வருடமாக என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் கேட்டுவரும் கேள்விக்கு, அக்காவின் தங்கையாகிய நான் இங்கே பதில் எழுதுகிறேன். அக்காவின் அஸ்தியை ஏன் சுருளித் தீர்த்தத்தில் கரைக்கவில்லை? கரைக்க அஸ்தி இல்லை.

அக்கா பிறந்தது ஓடைப்பட்டியில். அப்பா சீக்கிரமே போய்விட்டார். திராட்சைத் தோட்டத்தையும் எங்கள் இருவரையும் அம்மாதான் பார்த்துக்கொண்டார். தாய்மாமா துணை நின்றார். தொண்ணூறுகளின் கடைசியில், மருத்துவ மேற்படிப்பில் இருந்த அக்கா விடுமுறைக்கு வந்தபோது, அம்மா தோட்டத்து ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"பந்தக் கம்பிய எவன்டா ஒசத்திக் கட்டுனது? கைக்கு எட்டவே மாட்டேங்குது."

யாரும் தொடவில்லை என்று ஆட்கள் சத்தியம் செய்தார்கள். அக்கா கம்பியைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். மறுநாளே தேனிக்கு அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுத்தார். முதுகெலும்பு நொறுங்கி அமுங்கியிருந்தது. பந்தல் உயரவில்லை, அம்மாதான் குட்டையாகிவிட்டார். வலிக்கவில்லையா என்று கேட்டோம்.

"இடுப்பு வலிக்காத பொம்பள யாருடி இருக்கா?" என்றார்.

எலும்பு உள்ளுக்குள் மெலிந்து புரையோடிப்போகும் அந்த நோயைப் பற்றிய அக்காவின் ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது. எங்கள் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை எக்ஸ்ரே படம் எடுக்க அழைத்தார். "வயசானா கூனு விழத்தான் செய்யும்" என்று வீட்டு ஆண்கள் திருப்பி அனுப்பினால், மறுவாரம் திரும்பவும் போய் நிற்பார். அத்தனை பிடிவாதம்.

அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிநாட்டு மருத்துவ இதழில் வந்தபோது அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். அதில் அச்சாகியிருந்த அம்மாவின் எக்ஸ்ரேயை அக்கா காட்டினார். "மூஞ்சியவே காணோமேடி" என்றார் அம்மா. சிரித்தோம். அந்த மழைக்காலத்தில் அம்மா படுக்கைப்புண்ணோடு இறந்தார்.

பிறகு அக்காவின் முறை. முடக்குவாதத்துக்காக வருடக்கணக்கில் சாப்பிட்ட மாத்திரைகள் அவருடைய எலும்பையும் அரித்தன. தன் எக்ஸ்ரே படத்தைத் தானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உறைக்குள் போட்டு வைத்தார். கடைசி மாதங்களில் ஒரு முறை இருமியதற்கே விலா எலும்பு முறிந்தது.

உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்திருப்பதை அப்போதுதான் சொன்னார். நான் அழுதேன்.

"ஊருப் பொம்பளைக எலும்பையெல்லாம் கெஞ்சிக் கேட்டுப் படம் புடிச்சேன். என்னோடத மட்டும் எரிச்சிருவீகளாடி?"



கல்லூரி வண்டி வந்த அன்று மாமா வாசலை மறித்தார். "கூறு கூறா அறுக்கக் குடுக்கவா எங்கக்கா இவளப் பெத்தா?" என்று கேட்டார். அவரை விலக்கிவிட்டு அக்காவை ஏற்றி அனுப்பினேன். அன்றோடு அவர் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

நொறுங்கிய உடம்பை நோகாமல் புரட்டிப் படுக்கவைத்த செவிலியர்களுக்கும், உடனிருந்த தோழிகளுக்கும், முதன்முதலில் படம் எடுக்கச் சம்மதித்த ஓடைப்பட்டிப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. உடலைக் கொடுத்ததற்காக ஒதுங்கிப்போனவர்கள் மேல் கோபமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். கோபம் இருக்கிறது.

இந்த இடம் வரை எழுதியிருந்தபோது மாமா போன் செய்தார். நலம்கூட விசாரிக்கவில்லை.

"ஆத்தா, பந்தல் ஒசந்திருச்சுன்னு ஒங்கத்த ஆளுகளத் திட்டுறா. யாருட்டக் கூட்டிட்டுப் போறது?"

அக்காவிடம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.