கிணற்றைச் சுற்றி ஒரு கோடு

பொறியியல் பொருளாதார வகுப்பில், தோட்டத்தின் பழைய மோட்டாரை மாற்றிப் பெரிய மோட்டார் போட்டால் லாபமா என்று பேராசிரியை பலகையில் கணக்குப் போட்டார். தோட்டம், மோட்டார், குழாய் மூன்றையும் ஒரு கோட்டுக்குள் அடைத்து, "இதுதான் சிஸ்டம்; இதுக்குள்ள இருக்கறது மட்டும்தான் கணக்குல வரும்" என்றார். லாபம் என்றே விடை வந்தது.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த தோழி எழுந்தாள். "மேடம், எங்க கெணறு பங்காளிகளுக்கும் பொதுவுங்க. நாங்க பெரிய மோட்டார்ல எறைச்சுப்போட்டா, அவிய மொறைக்குத் தண்ணி இருக்காதுங்களே?"

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பின்மேல் எனக்கு இன்றும் எரிச்சல்தான். பேராசிரியை சிரிக்கவில்லை. தாம் வரைந்த கோட்டை அழித்துவிட்டு, கிணற்றையும் பங்காளிகளின் தோட்டங்களையும் சேர்த்துப் பெரிதாக வரைந்தார். மாணவியின் கேள்விக்காகத் தம் விடையையே அழித்த ஆசிரியரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"இப்பப் போடுங்க" என்றார்.

போட்டோம். பழைய மோட்டாரே ஜெயித்தது.