பந்தலுக்காக நகர்த்திய குழி

எழுபதுகளின் தொடக்கத்தில் மேற்குத் தாம்பரத்தில் அரை கிரவுண்டு நிலத்தில் வீடு கட்டிக் குடியேறினோம். வீடு போகக் கொல்லையில் மிஞ்சியது பத்தடிக்கு இருபதடி. கிணறு, துவைகல், கழிப்பறை எல்லாம் அதற்குள்தான். கிணறுகூட முழுசாக எங்களுடையது இல்லை. பக்கத்து வீட்டு மதில் கிணற்றின் நடுவே மேலாக ஓடும். இந்தப் பாதி எங்களுக்கு, அந்தப் பாதி அவர்களுக்கு. அவரவர் பக்கம் அவரவர் ராட்டினம்.

எனக்கோ தோட்டப் பைத்தியம். அந்தக் கையகல இடத்தில் அவரை, பாகல், கத்தரி எல்லாம் போட்டுவிட வேண்டும் என்று துடித்தேன். கழிப்பறைக்குக் குழி வெட்ட வந்த கொத்தனார், கிணற்றுக்கு எதிர் மூலையில் கோடு கிழித்தார். நாள் முழுக்க வெயில் விழுவது அந்த மூலையில் மட்டும்தான். அங்கே போய்க் குழியா? சண்டைக்குப் போய்விட்டேன். கிணற்றருகே நிழலடித்துச் சும்மா கிடந்த இடத்தைக் காட்டினேன்.

"யம்மா, கெணறு கிட்டக்க கீது. வாணாம்மா" என்றார்.

"சிமென்ட் உறை இறக்கி மூடத்தானே போறீங்க? என் பந்தலுக்கு இடம் விடுங்க, போதும்."

என் வாய்க்கு யார் பதில் சொல்வது? என் கணவர் பேப்பரை விட்டு நிமிரவே இல்லை. கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு நான் சொன்ன இடத்திலேயே வெட்டினார். கிணற்றுக்கும் குழிக்கும் ஏழடி இருந்தால் அதிகம்.

பந்தல் பிரமாதமாக வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர், அவர் கணவர், மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரே மகள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சிலிருந்து திரும்பியதும் மதில் மேலாக ஒரு முறம் அவரைக்காய் நீட்டுவேன். "உங்க கை ராசியான கைக்கா" என்பார் டீச்சர். எனக்குத் தலைகால் புரியாது.

அடுத்த ஐப்பசி மழையில் என் கொழுந்தன் காய்ச்சலோடு ஊரிலிருந்து வந்து, ஒரு மாதம் எங்கள் வீட்டில் படுத்து எழுந்து போனான். டைபாய்டு. கார்த்திகையில் டீச்சர் படுத்தார். அவருக்கும் டைபாய்டு. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கணவருக்கு வயிறு சரியில்லாததால் எங்கள் வீட்டில் எப்போதும் காய்ச்சி ஆறிய தண்ணீர்தான். அவர்கள் வீட்டில், கிணற்றுத் தண்ணீர் தித்திக்கிறது என்று அப்படியே குடிப்பார்கள்.

ஒருநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். அவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டு எங்கள் கொல்லைக்கும் வந்து, "உங்க குழி எங்கம்மா?" என்று கேட்டார். அந்த நிமிஷம்தான் எனக்குச் சுரீர் என்று உறைத்தது. ஆனாலும் என் கை நேராக அவரைப் பந்தலைக் காட்டியது!

"அவ்ளோ தூரத்துல இருந்தா கெணத்துக்கு ஒண்ணும் ஆகாது. வெளியில எங்கனா சாப்பிட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையிலேயே ஸ்டேஷன் பக்கத்துக் குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் சுமந்துபோய் டீச்சர் கட்டிலருகே வைத்தேன். தினமும் சுமந்தேன். "கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்க" என்று அவர் கணவர் கண் கலங்கினார். தெருவே மெச்சியது. நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டேன். வீடு முழுவதற்கும் சுமந்தால் ஏன், எதற்கு என்று கேட்பார்களே. நோயாளிக்கு மட்டும் என்றால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஒருநாள் மதிலுக்கு அந்தப் பக்கம் அந்தக் குழந்தை, இறைத்து வைத்த வாளியிலிருந்து கை குவித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். "குடிக்காதே கண்ணு" என்றேன். ஏன் என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள். "சளி பிடிக்கும்" என்றேன். பாவி, அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு கை அள்ளிக் குடித்துவிட்டு ஓடினாள்.

டீச்சர் எழுந்து நடமாட ஆரம்பித்த வாரம் குழந்தை படுத்தாள். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் வெள்ளைத் துணி சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அடக்கம் முடிந்து பத்து நாள் இருக்கும். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மதில் மேல் டீச்சரின் முகம் தெரிந்தது. பாதியாக இளைத்திருந்தார்.

"அக்கா, எனக்கு மட்டும் ஏன் வெளித் தண்ணி கொண்டாந்தீங்க?"

வைதிருந்தால்கூட சமாளித்திருப்பேன். அந்தக் கேள்விக்கு முன்னால் பொய் எதுவும் வரவில்லை. கொத்தனார் சொன்னது, இன்ஸ்பெக்டரிடம் நான் காட்டியது, எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். கடைசிவரை கேட்டார்.

"சொல்லியிருந்தா அவர் ரெண்டு குடமா தூக்கியிருப்பாரேக்கா" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு என்னுடன் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் குழியை மூடி, எதிர் மூலையில் வேறு வெட்டச் சொன்னேன். செய்து என்ன பிரயோசனம்? கொத்தனார் பேச்சைக் கேட்காத திமிரைக்கூட, வயசுக் கோளாறு, விவரம் தெரியாத காலம் என்று ஏதாவது சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டுவிடுவேன். எல்லாம் தெரிந்த பிறகும், என் மானம் போகாத அளவுக்கு மட்டும் நல்லவளாக இருந்தேனே, அதற்கு என்ன சொல்லித் தேற்றிக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.