முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள்

உத்திரமேரூரில் கடல் கிடையாது. இது எனக்குத் தெரியாது என்பதுபோல, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். ஏரி இருக்கிறது, மழை பெய்தால் நிரம்புகிறது, கெளுத்தியும் விராலும் கிடைக்கின்றன; அப்படியிருக்க நடுக்கூடத்தில் நாலடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் உப்புத் தண்ணீர் ஊற்றிப் பவளம் வளர்ப்பானேன் என்பார்கள். சாலவாக்கத்திலிருந்து ரவிக்கை கொடுக்க வந்த ஒரு அம்மா தொட்டியை ஐந்து நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, கொயம்புக்கு ஆவுமா?" என்றார். "ஆவாது, கண்ணுக்குத்தான் ஆவும்," என்றேன்.

நான் ஆரி வேலை செய்கிறவள். கல்யாண ரவிக்கைகளில் ஜரிகையும் மணியும் வைத்துப் பூப்போடுகிற வேலை. பட்டு எந்த நிறத்தில் வந்தாலும், அதற்கு எந்த நூல் சேரும், எது சேராது என்று புடவையைப் பிரிக்கும்போதே சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நிறம் பார்ப்பதில் என்னை அடித்துக்கொள்ள இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை.

என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கிணற்று மோட்டார், மிக்சி, ஃபேன், எது எரிந்துபோனாலும் அவரிடம்தான் வரும். சென்னையில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒருவர், பம்பு எரிந்துபோன இந்தத் தொட்டியை ஸ்டாண்டோடு அவர் தலையில் கட்டிவிட்டார். மூன்று நாளில் பம்பு ஓடியது. தண்ணீர் ஓட்டம், விளக்கு, கரண்ட் போனால் இன்வெர்ட்டர், எல்லாம் அவர் பொறுப்பு. உள்ளே யார் குடியிருப்பது என்பது என் பொறுப்பு. இந்தப் பிரிவினை சும்மா வரவில்லை, ஒரு உயிர் போய்த்தான் வந்தது.

என் வீட்டுக்காரரின் குடும்பத்தில் ஒரு பழக்கம். உயிருள்ள எதையும் ஒற்றையாக வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். ஆட்டுக்குட்டி என்றாலும் இரண்டு, கோழி என்றாலும் இரண்டு. ஒற்றையாக வந்த உயிர் ஏங்கிப்போகும், அது வீட்டுக்கும் ஆகாது என்பார்கள். முதல் தடவை மீன் வாங்க அவர் மட்டும் கொளத்தூர் போனார். சென்னையில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கிற இடம் அது. போனவர் எல்லாவற்றிலும் ஜோடி ஜோடியாக எடுத்து வந்தார். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கிளவுன் மீன் இரண்டு. அது பரவாயில்லை, புருஷன் பெண்டாட்டியாக வாழ்கிற சாதி. கூடவே டாட்டிபேக் என்ற மீனிலும் இரண்டு.

விரல் நீளம்தான் இருக்கும் இந்த டாட்டிபேக். முன்பாதி கத்தரிப்பூ ஊதா, பின்பாதி எலுமிச்சை மஞ்சள். இரண்டு வெட்டுத் துணியை ஒட்டுப்போட்டுத் தைத்த மாதிரி. பார்க்க அத்தனை அழகு, குணம் மட்டும் சரியில்லை. தன் இனத்தில் இன்னொன்று அதே தொட்டியில் இருக்கப் பொறுக்காது. மூன்றாம் நாள் காலையில் ஒன்று வாலில்லாமல் மல்லாந்து கிடந்தது. அவர் அதைக் கையால் அள்ளி எடுத்துக்கொண்டு, "ஜோடியா இருக்கும்னு நெனச்சேன்மே," என்றார்.

"யோவ், ஆடும் மீனும் ஒண்ணா? ரெண்டு நாளா ஒரே பொந்துக்கு அடிச்சிக்கினு கீதுங்க, பாக்கல நீ? கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று கத்தினேன். அன்றிலிருந்து மீன் எடுப்பது நான், வாளி தூக்குவது அவர்.

நான் இதைப் படித்துக் கற்றவள் இல்லை. கடையில் நின்று பார்த்தும், போனில் வீடியோ பார்த்தும், சிலதைச் சாகக் கொடுத்தும் கற்றுக்கொண்டேன். பவளத் தொட்டிக்கு மீன் எடுக்கிறபோது நிறம் கடைசியில்தான். முதலில் வாயைப் பார்க்க வேண்டும். பட்டாம்பூச்சி மீன் என்று ஒன்று, மஞ்சளும் கறுப்புமாக ஆளை மயக்கும். அந்தக் கூர்வாயால் பவளத்தைக் கொத்திக் கொத்தியே தீர்த்துவிடும். அடுத்தது யார் எங்கே இருப்பார்கள் என்பது. மணலில் ஒருத்தர், பொந்தில் ஒருத்தர், நடுத்தண்ணீரில் நாலு பேர் என்று பிரித்து வைத்தால் சண்டை பாதி குறையும். ஒரே உடம்புவாகு, ஒரே நிறம் உள்ள இரண்டைச் சேர்க்கக் கூடாது. பயந்த மீனை முதலில் விட வேண்டும், ரௌடியைக் கடைசியில் விட வேண்டும். எங்கள் வீட்டில் ரௌடி முதலிலேயே குடிவந்துவிட்டதால் நான் பட்ட பேஜார் கொஞ்சநஞ்சமல்ல. உயிரோடு மிஞ்சிய அந்த டாட்டிபேக்குக்கு அசராத மீன்களாகத் தேடித்தேடிச் சேர்த்தேன். என் நாத்தனார் ஒருமுறை சிங்க மீன் போடச் சொன்னார். வாய்க்குள் நுழைகிற எதையும் விழுங்கிவிட்டு அசையாமல் கிடக்கும் என்று சொன்னேன். "அப்ப வாணாம், எங்க வூட்ல ஒண்ணு அப்டித்தான் கீது," என்று தன் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

இத்தனையும் கண் இருந்தபோது. எனக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. இடக்கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பாதிக்கு மேல் பார்வை போய்விட்டது. ஆரி ஊசியை வேலைக்கு வருகிற பெண்களிடம் கொடுத்துவிட்டு, நிறம் சேர்க்கிற வேலையை மட்டும் என்னிடம் வைத்துக்கொண்டேன். போன வருஷம் வலக்கண்ணும் அதே வழிக்குப் போனது. "போனது திரும்ப வராதும்மா. லேசர் வச்சா இருக்கிறத நிறுத்தலாம்," என்றார் காஞ்சிபுரத்து டாக்டர். வீட்டில் வந்து, சும்மா ஒரு லேசர், ஒன்றும் பயமில்லை என்று சொல்லிவைத்தேன்.

சொல்லாதது ஒன்று இருந்தது. ஊதா நூலும் கறுப்பு நூலும் எனக்கு ஒன்றாகிக்கொண்டிருந்தன. நூல் கண்டில் ஒட்டியிருக்கும் நம்பர் சீட்டை மூக்கருகே வைத்துப் பார்த்துத்தான் பெண்களிடம் எடுத்துக் கொடுத்தேன். நிறம் தெரியாத ஆரிக்காரி என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் என் பிழைப்பு அத்தோடு சரி. அதையாவது சமாளிக்கலாம். என் வீட்டுக்காரர் என்னைப் பாவம் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது? நான் எதற்கும் பயந்தது குறைவு. இதற்குப் பயந்தேன்.

லேசருக்கு முந்தின வாரம் அவரைக் கிளப்பிக்கொண்டு கொளத்தூர் போனேன். கண்ணில் லேசர் படுவதற்குள் என் கையால் இன்னொரு மீன் எடுத்துவிட வேண்டும் என்று பிடிவாதம். எதை எடுப்பது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. மஞ்சள் கோபி என்று ஒரு குட்டி மீன் உண்டு, அரை விரல் நீளம். பவளக் கிளையில் உட்கார்ந்திருக்கும், யார் வம்புக்கும் போகாது. தோல் கசப்பு என்பதால் யாரும் அதன் வம்புக்கும் வரமாட்டார்கள். ரௌடி இருக்கிற வீட்டுக்கு ஏற்ற ஆள்.

கடைக்குள் எல்லாத் தொட்டிக்கும் நீல விளக்கு போட்டிருந்தார்கள். மூலைத் தொட்டியில், இருட்டான கல்லை ஒட்டி, சின்னதாக ஒரு மஞ்சள் தெரிந்தது. அரை விரல் நீளம், அசையவில்லை.

"அந்தச் சின்ன மஞ்சள் கோபியக் குடுப்பா," என்றேன். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் வலையை எடுத்தார். "எப்டிக் கீது?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உன் செலக்‌ஷன் ஆச்சே, ஜோராக் கீது," என்றார். மீன் பயப்படாமல் இருக்கப் பையைக் கறுப்புத் துணியில் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, மீனை எங்கள் தண்ணீருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, அவர்தான் உள்ளே விட்டார்.

மறுநாள் காலை தொட்டி முன்னால் நின்றால், ஒரு மஞ்சள் இன்னொரு மஞ்சளைத் துரத்துகிறது. கோபியை யார் துரத்துவார்கள்? எனக்கு விளங்கவில்லை. மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டு பார்த்தேன். புது மீன் தப்பி மேலே ஏறி, பம்பு ஓரத்தில் போய் ஒண்டியது. அந்தப் பம்பு வெள்ளை நிறம். அந்த வெள்ளைக்கு எதிரில் வந்து நின்றபோதுதான், மீனுக்கு முன்பாதியும் இருப்பது எனக்குத் தெரிந்தது. கடையின் நீல இருட்டில் என் கண் பாதி மீனைத்தான் பார்த்திருக்கிறது. நான் எடுத்து வந்தது கோபி இல்லை, இரண்டாவது டாட்டிபேக். வால் ஏற்கெனவே கிழிந்திருந்தது.

"யோவ், இங்க வா." அவர் டீ டம்ளரோடு வந்தார். "இது இன்னா மீனு?"

தரையைப் பார்த்தார். "நீயே மனசு மாறி ஜோடி சேத்துட்டேன்னு நெனச்சேன்."

"பொய் சொல்லாத. மொத தபா செத்தத உன் கையாலதானே அள்ளுன?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கடையிலயே தெரியும்மே. கடைக்காரன் வாயத் தொறந்தான். நான்தான் சும்மா இருன்னு கண்ணக் காட்டினேன். அத்தினி பேரு முன்னாடி, உனக்குத் தெரியலன்னு நான் எப்டிச் சொல்றது?"

"எத்தினி நாளாத் தெரியும் உனக்கு?"

"நூலு சீட்ட மூக்குல வச்சிக்கினு பாக்கிறியே, அப்பலேருந்து."

அழுகை வந்தது, இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் முதலில் வந்தது கோபம். இத்தனை மாதமாக நான் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, இந்த மனுஷன் எனக்கு மேல் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "என் மானத்தக் காப்பாத்த ஒரு உயிர எடுக்கப் பாத்தியா? இன்னிக்கு மீனு. நாளைக்கு நான் ரோட்டத் தாண்டுறப்ப லாரி வந்தாலும், நாலு பேரு கீறாங்கன்னு சும்மா நிப்பியா?" என்றேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு டம்ளரை எடுத்து மீனைக் கோரப் போனார். "அது டீ டம்ளரு, கழுவிட்டு வா," என்று நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

சளைத்துப் போயிருந்ததால் புதுசு சுலபமாக மாட்டியது. தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, காற்றுக் குழாய் போட்டு, ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டும் போட்டுத் தனியாக வைத்தோம். வாளி பக்கத்திலேயே உட்கார்ந்து, அவருக்கு என் சட்டத்தைச் சொன்னேன். "இனிமே கண்ணு உன்னுது, மூள என்னுது. பாத்தத பாத்த மாதிரி சொல்லணும். எவன் முன்னாடியா இருந்தாலும் சொல்லணும். எனக்கு வெக்கமா இருந்தா அது என் கஷ்டம், உன் கஷ்டம் இல்ல."

"சரி," என்றார். சரி என்று சொல்வதில் அவரை மிஞ்ச முடியாது, அதனால் நான் அதை நம்பவில்லை.

அன்றைக்கே வேலைக்கு வருகிற பெண்களிடமும் சொல்லிவிட்டேன்: ஊதாவும் கறுப்பும் எனக்குப் பிரியவில்லை, எடுத்துக் கொடுப்பது தப்பானால் சொல்லுங்கள். ஒருத்தியும் ஆச்சரியப்படவில்லை. நான் தப்பாகக் கொடுத்த நூலை இரண்டு மாதமாக அவர்களே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

லேசர் இரண்டு தடவையாக வைத்தார்கள். டாக்டர் சொன்ன மாதிரியே போனது வரவில்லை, இருந்தது நின்றது. இருக்கிறதை வைத்து நான் நன்றாகவே நடமாடுகிறேன். ஊதாவைத் தவிர மற்ற நிறங்களை இன்றைக்கும் நான்தான் சேர்க்கிறேன், இதுவரை எந்த மணப்பெண்ணும் குறை சொன்னதில்லை. வாளியில் இருந்த மீனுக்கும் வால் வளர்ந்தது.

ஒரு மாதம் கழித்து அதைத் திருப்பிக் கொடுக்க அதே கடைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம். கடைக்காரர் மீனை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு வேறு எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு தொட்டி தொட்டியாகப் போனேன். "இதுல இன்னா கீது?" என்றால், "நல்லா கீது," என்றார். நல்லா கீதுன்னு ஒரு நிறம் கிடையாது என்று சொன்னபிறகு குனிந்து பார்க்க ஆரம்பித்தார். "மூஞ்சி வெளிர் மஞ்ச. நடுவுல வெள்ள. வாலு போவப் போவச் செவப்பு. முதுகுல நீட்டா ஒரு கொம்பு நட்டுக்கினு நிக்குது."

அது ஃபயர்ஃபிஷ். பார்க்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சாது, சின்ன வாய், நடுத்தண்ணீரில் நிற்கும், பவளத்தைத் தொடாது. எகிறிக் குதிக்கும், எங்கள் தொட்டிக்கு வலை மூடி இருக்கிறது. நானும் குனிந்தேன். சிவப்பு வால் எனக்கே நன்றாகத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் சத்தமாகவே சொன்னேன்: "இதான். இதையே போடுப்பா."

கடைக்காரர் வலையோடு வந்தார். என் வீட்டுக்காரர் அசையவில்லை. தொண்டையைச் செருமினார்.

"வாணாம்மே," என்றார். கடை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார். "ஒடம்பு பூரா உப்பு தூவுன மாதிரி வெள்ளப் புள்ளி கீது. மூச்சு வாங்குது. சீக்கு மீனு. உனக்குத் தெரியல. வாணாம்."

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அந்த மீனைக் கொண்டுபோய் விட்டிருந்தால் தொட்டி முழுவதும் போயிருக்கும், அது எனக்குத் தெரியும், தெரிந்தும் சுட்டது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், மனிதர்கள் முன்னால் அவர் என் பேச்சை மறுத்தது அதுதான் முதல் தடவை.

பிடித்திருந்த அவர் கையை விடாமல், "சரி, அடுத்த தொட்டியச் சொல்லு," என்றேன்.